சுட்ட காயத்துக்குத் தேனா, வெள்ளிக் கிறீமா?

கூழ்ப்பானை கவிழ்ந்தோ புட்டுப்பானையின் ஆவி அடித்தோ கை வெந்தால் யாழ்ப்பாணத்து வீடுகளில் முதலில் தேடுவது பற்பசை, அடுத்தது தேன் போத்தல். பற்பசையைப் போட்டியிலேயே சேர்க்கத் தேவையில்லை. காய்ந்து ஒட்டிக்கொண்டு, கழுவும்போது தோலையும் உரித்துக்கொண்டு வரும். தேனின் கதை வேறு.

ஆனால் முதல் 20 நிமிடம் தேனுக்கும் உரியதல்ல, கிறீமுக்கும் உரியதல்ல. ஓடும் தண்ணீருக்கு உரியது. சுட்டு மூன்று மணித்தியாலத்துக்குள் ஊற்றினாலும் பயனுண்டு. மத்தியானத்தில் கூரைத் தொட்டித் தண்ணீர் சுடும்; கிணற்றில் புதிதாக அள்ளி ஊற்றுங்கள். ஐஸ் வைத்தால் இரத்தக்குழாய்கள் சுருங்கிக் காயம் இன்னும் ஆழமாகும். மோதிரம், காப்பு எல்லாவற்றையும் வீங்கமுன் கழற்றிவிட வேண்டும்.

தேனில் ஏறக்குறைய 80 வீதம் சீனி. அது கிருமியிலிருந்தும் காயத்திலிருந்தும் நீரை இழுக்கும். அமிலத்தன்மையும் உண்டு, போட்டவுடன் சிலருக்குச் சுள்ளென்று எரிவது அதனால்தான். காயநீர் கலந்து தேன் ஐதாகும்போது அதிலுள்ள நொதியம் கிருமியைக் கொல்லும் ஐதரசன் பெரொக்சைட்டைச் சிறிது சிறிதாக உண்டாக்கும். தேனைக் காய்ச்சினால் இந்த நொதியம் அழிந்துவிடும். ‘கொதிக்க வைத்துச் சுத்தமாக்கினோம்’ என்பவர்கள் மருந்தைக் கொன்றுவிட்டுப் பாகைப் பூசுகிறார்கள்.

வெள்ளிக் கிறீம் என்பது 1 வீத சில்வர் சல்பாடயசின். 1960களின் இறுதியிலிருந்து உலகெங்கும் பாவனையிலுள்ளது. கிருமியை நன்றாக அடக்கும். குறை என்னவென்றால், காயத்தின் மேல் மஞ்சள் கலந்த ஆடை படியும். மருந்து கட்டும் ஒவ்வொரு முறையும் அதை வழித்தெடுக்க வேண்டும். அது காயத்தின் ஆழத்தையும் மறைத்துவிடும், புதுத்தோல் வளர்வதையும் பிந்தச் செய்யும். சல்பா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், பிரசவம் நெருங்கிய தாய்மாருக்கும், இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் ஆகாது.

1991இல் இந்தியாவில் 104 பேரில் இரண்டையும் ஒப்பிட்டபோது தேன் வெகுவாக முந்தியது. ஆனால் அப்படியான ஆய்வுகளின் தரம் போதாதென்பது பின்வந்த விமர்சனம். பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட 2015இன் கொக்ரேன் மீளாய்வில் உறுதியாக நின்றது வேறொரு முடிவு: கொப்புளம் போடும் அளவுக்கு வெந்த காயங்கள், பரஃபின் கோஸ் (பரஃபின் தடவிய வலைத்துணி) போன்ற வழமையான கட்டுகளைவிடத் தேனால் 4 முதல் 5 நாள் முந்தி ஆறின. தோல் முழுவதும் வெந்த ஆழக்காயத்தில், காலத்தோடு வெட்டியெடுத்துத் தோல் ஒட்டும் சத்திரசிகிச்சைதான் தேனை வெல்லும்.

எந்தத் தேன் என்பதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். மருத்துவத் தேன் காமாக் கதிரால் கிருமிநீக்கியது. கிருமிகளின் வித்துகள் சாகும், நொதியம் தப்பும். வன்னிக் காட்டுத்தேன் எவ்வளவு அசலானாலும் அதில் குளொஸ்திரிடியம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். சீனிப்பாகு கலந்த போத்தலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போத்தல் தேன் திறந்த காயத்துக்கு வேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பு. மருத்துவத் தேன் கிடைக்காவிட்டால் பரஃபின் கோஸும் மேலே உலர்ந்த கோஸும் போதும்.

மருத்துவத் தேன் கையிலிருந்தால் காயத்தில் ஊற்றாதீர்கள். உடல் சூட்டில் இளகி வழிந்துவிடும். 10 சென்ரிமீற்றர் சதுரக் கோஸுக்கு 20 மில்லிலீற்றர், அதாவது ஒன்றேகால் மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூட, ஊறவிட்டுக் காயத்தின் விளிம்பைத் தாண்டிப் படிய வையுங்கள். மேலே தடித்த கோஸ், அதன்மேல் பண்டேச். முதல் நாட்களில் நீர் அதிகம் கசியும். மேல்கட்டு நனைந்தால் அன்றே மாற்றுங்கள். நனைந்த கட்டில் தேன் கரைந்து வலுவிழக்கும், எறும்பும் ஏறும். கோஸ் ஒட்டினால் இழுக்காமல் சேலைன் (கிருமிநீக்கிய உப்புநீர்) விட்டு ஊறவையுங்கள். கொப்புளத்தை உடைக்க வேண்டாம்.

முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் சுட்டாலும், மின்சாரமோ அமிலமோ பட்டாலும், வெந்த இடம் வெளிறி வலியே இல்லாதிருந்தாலும், குழந்தைக்கோ சலரோகக்காரருக்கோ சுட்டாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். காயம்பட்டவரின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்தால் உடலில் ஏறக்குறைய 1 வீதம். அதைவிடப் பெரிதென்றாலும் ஆஸ்பத்திரிதான். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசம். போகமுன் தேனோ கிறீமோ பூசாதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடிக்கொண்டு போங்கள். டொக்டர் முதலில் பார்க்க வேண்டியது தோலின் நிறத்தை. கடைசியாக ஏற்பூசி (ரெற்றனஸ் தடுப்பூசி) போட்டது எந்த வருடம் என்றும் கேட்பார்கள்.