வங்கி செய்த குழப்பத்துக்கு இழப்பீடு: ஆம்புட்ஸ்மேனா, நுகர்வோர் ஆணையமா?

பாஸ்புக்கில் ‘நகைக்கடன் வசூல்’ என்று ஒரு வரி, பக்கத்தில் 18,400 ரூபாய் பற்று. எனக்கு நகைக்கடனே கிடையாது. வீட்டில் கேட்டேன், மனைவி முறைத்தாள். விசாரித்தால், அதே பெயர், அதே முதலெழுத்து கொண்ட இன்னொருவரின் வாடிக்கையாளர் எண்ணோடு என்னுடையதையும் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். அவர் பாக்கிக்கு என் பணம். அந்த மாதம் வீட்டுக்கடன் இ.எம்.ஐ. திரும்பிப் போனது. வங்கி 590 ரூபாய் பிடித்தது, கடன் கொடுத்த நிறுவனமும் 590 பிடித்தது.

எடுத்த பணம் ஒன்பதாம் நாள் கிளையிலேயே திரும்பக் கிடைத்துவிட்டது. அதோடு விட்டுவிடுவது ஒரு வழி, பலரும் செய்வது. ஆனால் மேலாளர் நீட்டிய கடிதத்தில் ‘இனி எனக்கு எந்தக் குறையும் இல்லை’ என்று இருந்தது. அதை அடித்துவிட்டு, ‘எடுத்த தொகை மட்டும் கிடைத்தது, மீதிக் கோரிக்கை நிலுவையில் உள்ளது’ என்று எழுதி, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். பிற்பாடு உதவியது அந்த முத்திரைதான்.

அப்புறம் இரண்டு கதவுகள். வங்கிகள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன், மாவட்ட நுகர்வோர் ஆணையம். நான் முதலாவதற்குப் போனேன், இப்போதும் அதையே சொல்வேன்.

செலவைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆம்புட்ஸ்மேனுக்குக் கட்டணம் கிடையாது. ஆணையத்திலும், வங்கிச் சேவைக்கு நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. எனக்கு முடிவைத் தந்தது வரிசை. ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது அதே விஷயத்தை ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார். ஆனால் ஆம்புட்ஸ்மேனிடம் முதலில் போய், அவர் தரும் தீர்ப்பு போதாது என்றால் ஏற்காமல் விட்டுவிடலாம். 30 நாளில் சம்மதக் கடிதம் கொடுக்காவிட்டால் அது காலாவதியாகும், ஆணையத்தின் கதவு திறந்தே இருக்கும். முதலில் ஆணையம் என்றால் இந்த வசதி இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ஆணையத்துக்கான இரண்டு வருடக் கெடு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். சமரசத்துக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டாலும் கதை அங்கேயே முடிந்தது.

நடைமுறை சுலபம். முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். இணையதளத்தில் பதியலாம், சந்தேகத்துக்கு 14448. நான் போனது 2021 திட்டத்தின் கீழ். அதில் தவறின் விளைவாக வந்த நஷ்டத்துக்கு 20 லட்சம், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் தனியாக 1 லட்சம் வரை உச்சவரம்பு. அதைப் பார்த்து மனக்கோட்டை கட்ட வேண்டாம். நான் 15,000 கேட்டேன். புகார் வங்கிக்குப் போன ஒரே வாரத்தில், அதுவரை போனையே எடுக்காத தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. இரண்டு 590-ம் திரும்பின, மேலே 5,000 தந்தார்கள். ஒப்புக்கொண்டேன். மொத்தம் நாலு மாதம், ஒரு நாள் கூட லீவு போடவில்லை.

கிரெடிட் ஸ்கோர் கணக்கு தனி. அந்த இ.எம்.ஐ. தாமதத்தைத் திருத்தத் தனியாகப் புகார் கொடுத்தேன். 30 நாளைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. எனக்கு 26-ம் நாளே திருத்திவிட்டார்கள்.

ஆணையத்தைப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் இல்லை. சித்தப்பா மகன் வேறொரு வங்கி மேல் போட்ட வழக்கு இரண்டு வருடம் இழுத்தது. சட்டம் மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்கச் சொல்கிறது. அவருக்குக் கடைசியில் கிடைத்த தொகை என்னுடையதைவிடப் பல மடங்கு. ஆனால் அவர் கொடுத்த காசோலை திரும்பி, வியாபாரமே கைநழுவிப் போயிருந்தது, அதற்கான கடிதங்களும் கையில் இருந்தன. அந்த மாதிரி நஷ்டம் என்றால் சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் தேவைப்படும். அப்போது நானும் ஒரு வக்கீலைத்தான் தேடியிருப்பேன்.