நியூ ஆர்லியன்ஸ் போறவங்களுக்கு: 214 டாலர் போன கதை

நகரத்தோட பழைய பகுதியான பிரெஞ்சு குவார்ட்டர்ல ஒரு பழைய கிரியோல் பிஸ்ட்ரோ, அதாவது அந்த ஊர்ப் பாணிச் சாப்பாடு போடற சின்ன உணவகம். வெள்ளை மேசைவிரிப்பு, கருப்பு டை கட்டின சர்வர் எல்லாம் உண்டு. ரெண்டு பேர் சாப்பாட்டுக்கு 214 டாலர்! மெனுவுல போட்டது ஒண்ணு, தட்டுல வந்தது வேற.

"மெனுவை மூடுங்க, இன்னிக்கு பாம்பனோ மீன் வந்திருக்கு, நானே பார்த்துக் கொண்டு வரேன்"னார் நரைச்ச தலை சர்வர். அந்த வயசுக்காரர் சொன்னா யார்தான் நம்ப மாட்டாங்க? விலை கேட்டதுக்கு "சந்தை விலைதான்"னு சிரிச்சார். பில்லுல 68. பாம்பனோ கெட்டியா, எண்ணெய்ப் பசையா இருக்கும். இது தண்ணி விட்டுக் குழைஞ்சு கிடந்துச்சு.

அடுத்தது கம்போ, அந்த ஊர்க் கெட்டி சூப். அதுக்கு மாவும் எண்ணெயும் சரிசமமா சேர்த்து, சின்னத் தீயில முக்கால் மணி நேரம் கைவிடாம கிண்டணும். சாக்லேட் நிறம் வந்த பிறகுதான் வெங்காயம், செலரி, குடமிளகாய் போடணும். வந்ததோ வெளிர் பழுப்பு, பச்சை மாவு வாசனை. சூப்பைக் கெட்டியாக்கற ஃபிலே இலைப் பொடியை அடுப்புல இருந்து இறக்கிட்டுத்தான் தூவணும். கொதிக்க விட்டா நூல் நூலா இழுக்கும். கரண்டியைத் தூக்கினா அப்படியே இழுத்துச்சு.

சோத்து மேல ஊத்தற கெட்டிக் குழம்பான எட்டூஃபேல "லூசியானா கிராஃபிஷ்"னு (சின்ன சிங்கி இறால் மாதிரி இருக்கற நன்னீர்ப் பிராணி) மெனுவுல போட்டிருந்தாங்க, அதுவும் அக்டோபர்ல. சீசன் ஜூனோட முடிஞ்சிடும், அதனால உறைய வெச்சதுதான் கிடைக்கும், அது தப்பில்ல. ஆனா உள்ளூர்ச் சதையில மஞ்சள் கொழுப்பு ஒட்டியிருக்கும், ருசியே அதுலதான். இங்க வந்தது சுத்தமா கழுவின சதை. இறக்குமதி கிராஃபிஷ்னா வாடிக்கையாளருக்குத் தெரியற மாதிரி எழுதணும்னு இந்த ஊர் இருக்கற லூசியானா மாநிலத்துல சட்டமே இருக்கு.

சாப்பாடு 146, வரி 14 சொச்சம். டிப்ஸ் இதுல சேர்ந்திருக்கான்னு கேட்டதுக்கு "இல்லவே இல்லை"ன்னு சொல்லி மெஷினை நீட்டினார், அதுல 24 போச்சு. ரசீதைப் பார்த்தா 20% சேவைக் கட்டணம் ஏற்கெனவே ஏத்தியாச்சு. பெரிய கூட்டமா போனாத்தான் வழக்கமா அதைப் போடுவாங்க!

மேனேஜர்? "சந்தை விலை தினமும் மாறும் சார்." மெயிலுக்கு "உங்கள் கருத்துக்கு நன்றி." கார்டு பேங்க்ல "நீங்களே ஒப்புதல் குடுத்திருக்கீங்களே." 214 டாலர் போனது போனதுதான்.

சந்தை விலைன்னா எண்ணைச் சொல்ல வைங்க. மெஷினைத் தொடறதுக்கு முன்னாடி அச்சடிச்ச பில்லைக் கேளுங்க. முதல்ல கம்போ மட்டும் சொல்லுங்க, அது வெளிறிப்போய் வந்தா அதோட எழுந்துடுங்க.