அம்மாவின் குடும்ப ஓய்வூதியமும் எங்கள் சார் கருவூலமும்

அப்பாவின் காரியமெல்லாம் முடிந்த மறுவாரம் அம்மாவை அழைத்துக்கொண்டு எங்கள் தாலுகா சார் கருவூலத்துக்குப் போனேன். அப்பா அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து 1998-ல் ஓய்வு பெற்றவர். கடைசி வரை அவர் வாயில் அது கஜானாதான், கருவூலம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் கலெக்டரின் பொறுப்பில், தாலுகா கச்சேரிக்குள்ளேயே, இரும்புக் கதவும் துப்பாக்கி போலீஸ் காவலுமாக இருந்த இடம் அது. வசூலான வரிப்பணம் அங்கேதான் வந்து சேரும், சம்பளமும் பென்ஷனும் அங்கிருந்துதான் போகும். இன்று பணம் வங்கி வழியாகப் போனாலும் அந்தக் காப்பறைக்கு வேலை போகவில்லை. முத்திரைத்தாள், சீல் வைத்த பெட்டிகள் எல்லாம் இன்னும் இரட்டைப் பூட்டுக்குள்தான் இருக்கின்றன. இரண்டு சாவி, இரண்டு பேர் கையில். ஒருவர் மட்டும் வந்து திறக்க முடியாது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். இறப்புச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம், அப்பாவின் பி.பி.ஓ. புத்தகம் (யாருக்கு எவ்வளவு பென்ஷன் என்று எழுதியிருக்கும் ஆணை) எல்லாம் கொடுத்தோம். அங்கிருந்த கணக்கர் அம்மாவை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துவிட்டு, அந்தப் பி.பி.ஓ.வின் அலுவலகப் பிரதியைத் தேடி எடுத்து வந்தார். அதில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எடுத்த படம் ஒட்டியிருந்தது, பென்ஷனுக்காகவே ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்தது. அம்மா அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அந்த மனிதரும் அவசரப்படுத்தவில்லை. ஓய்வூதியர் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும், எங்களுக்குத் தெரியாத குடும்பப் பாதுகாப்பு நிதி 50,000 ரூபாய்க்கும் அவரே படிவம் எடுத்துக் கொடுத்தார்.

சிக்கல் வந்தது பெயரில். ஆதாரில் அம்மா பெயருக்குப் பின்னால் இருக்கும் 'அம்மாள்' பி.பி.ஓ.வில் இல்லை. அதைக் கருவூலமே திருத்த முடியாது, அப்பா கடைசியாக வேலை பார்த்த அலுவலகம் எழுதி, சென்னை தேனாம்பேட்டை ஏஜி ஆபீஸ், அதாவது மாநிலக் கணக்காயர் அலுவலகம், திருத்த ஆணை அனுப்ப வேண்டும். ஒரு சொல்லுக்கு மூன்று இடமா என்று எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஏன் இப்படி என்று அப்புறம் தேடிப் படித்தேன். 1860-ல் இந்தியாவுக்கு முதல் தலைமைத் தணிக்கையாளர் வந்த காலம் தொட்டு, கணக்கு எழுதுவதும் அதைத் தணிக்கை செய்வதும் ஒரே துறையின் கையில்தான் இருந்திருக்கிறது. 1976-ல் மத்திய அரசு தன் கணக்கைத் தனியே பிரித்து, கணக்குகளுக்கென்று தலைமைக் கட்டுப்பாட்டாளரை நியமித்துக்கொண்டது. தமிழ்நாட்டின் கணக்கு இன்றும் ஏஜி ஆபீஸில்தான். 1984-ல் அதற்குள்ளேயே கணக்குக்கு ஒரு அலுவலகம், தணிக்கைக்கு ஒரு அலுவலகம் என்று பிரித்தார்கள், அவ்வளவுதான். ஆக, யாருக்கு எவ்வளவு என்று சொல்வது தேனாம்பேட்டை, கொடுப்பது கருவூலம். படித்த பிறகு இந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு மரியாதைதான் வந்தது. பணம் கொடுக்கிற கையே தொகையையும் ஆளையும் முடிவு செய்யக் கூடாது, காப்பறைக்கு இரண்டு சாவி வைத்த அதே யோசனைதான் இது.

ஆனால் நடந்தது என்ன? அந்தப் பழைய அலுவலகம் ஒரு கடிதம் எழுதவே இரண்டு மாதம் எடுத்துக்கொண்டது. அங்கிருந்து காகிதம் நகர்ந்த பிறகு மற்ற இரண்டு இடத்திலும் மளமளவென்று வேலை நடந்தது, நிலுவையும் மொத்தமாக வந்துவிட்டது. அதுவரை அம்மா கையில் ஒரு பைசா இல்லை. புருஷனை இழந்து நிற்கிறவளுக்கு, ஆள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லாதபோது, பெயர் திருத்தம் வரும் வரை தற்காலிகமாக ஒரு பகுதியையாவது கொடுக்க வழி இருக்க வேண்டும். இந்தச் சேவையில் நான் பார்த்த பெரிய குறை இதுதான்.

நேர்காணல், அதாவது ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறார் என்று வருஷா வருஷம் காட்டுவது, அந்த விஷயத்தில் முழு மதிப்பெண் கொடுப்பேன். முன்பு ஏப்ரல் முதல் ஜூன் வரை, அந்த வெயிலில், எண்பது வயதுக்காரர்கள் வரிசையில் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். இப்போது அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில் செய்தால் போதும், குடும்ப ஓய்வூதியம் என்றால் அது தொடங்கிய மாதம். 2014-ல் வந்த ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் வாழ்வுச் சான்றும் செல்லும். அம்மாவுக்குப் பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகையே விழவில்லை, சேவை மையத்தில் நான்கு விரலையும் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். வீட்டு முற்றத்தில் உட்கார வைத்து என் போனில் முகம் காட்டச் சொன்னேன். கண்ணைச் சிமிட்டச் சொன்னது, சிமிட்டினார், முடிந்தது. "இவ்வளவுதானா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். வீட்டில் ஓய்வூதியர் இருந்தால் பி.பி.ஓ. புத்தகத்தை இன்றைக்கே எடுத்து, துணையின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா பாருங்கள். இல்லையென்றால் அவர் இருக்கும்போதே, அவர் கையெழுத்திலேயே திருத்தத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.