பிரேசோஸ் பெண்ட்: எந்த ஏரியைச் சுற்றலாம்?

டெக்சஸ் மாநிலம் ஹூஸ்டனிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் போய்விடலாம், பிரேசோஸ் பெண்ட் மாநிலப் பூங்காவுக்கு. ஏறத்தாழ 5,000 ஏக்கர் பரப்பு. காடும் சதுப்பும் ஏரிகளும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் இடம். 1984-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். கையில் அரைநாள்தான் இருக்கிறது என்றால் 40 ஏக்கர் ஏரியைச் சுற்றுவதா, எல்ம் ஏரியைச் சுற்றுவதா என்ற கேள்வி வந்துவிடும். ரெட் பக்கை காட்டுப் பாதையும் இருக்கிறது. அதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

முதல்முறை போகிறவர்களுக்கு என் ஓட்டு 40 ஏக்கர் ஏரிக்குத்தான். சுற்று 1.2 மைல், தரை சமதளம், குழந்தைகளும் நடந்துவிடுவார்கள். ஏரியை ஒட்டிய ஸ்பில்வே பாதையில் ஒரு பார்வைக் கோபுரம் உண்டு. மேலே ஏறி நின்றால் பிலன்ட் ஏரியின் சதுப்பு கண்ணுக்கெட்டிய வரை விரியும். பறவை பார்க்க இதைவிட நல்ல இடம் இந்தப் பூங்காவில் இல்லை என்பேன். நீர்ச்செடிகளின் இலைமேல் பர்ப்பிள் கேலினியூல் நடப்பதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நம்மூர் நீலத் தாழைக்கோழிக்குச் சொந்தக்காரப் பறவை. ஆனால் கால் மஞ்சள், சிவப்பு அலகின் நுனியும் மஞ்சள். நீண்ட விரல்களை அகல விரித்து எடையைப் பரப்பிக்கொள்வதால் இலை அமுங்கினாலும் மூழ்காது. அமுங்குவதற்குள் அடுத்த இலைக்குப் போய்விடும். இளஞ்சிவப்புக் கரண்டிவாயனும் சீழ்க்கைச் சிறகியும் இங்கே அடிக்கடி கண்ணில் படும்.

இந்தச் சுற்றின் பெரிய குறை நிழல். கரை நெடுகத் திறந்த வெளி. ஜூன் பிறந்துவிட்டால் காலை பத்து மணிக்கே தலை காயும்.

எல்ம் ஏரி ஜெயிப்பது இந்த இடத்தில்தான். 1.7 மைல் சுற்று, ஒரு பக்கக் கரையில் பெரிய லைவ் ஓக் மரங்கள். கிளைகளிலிருந்து ஸ்பானிஷ் மாஸ் சாம்பல் நிறத்தில் சடைசடையாகத் தொங்கும். கிளைமேல் ஒட்டி வளரும் பெரணி வெயிலில் சுருண்டு பழுப்பேறிக் கிடக்கும், நல்ல மழை பெய்த மறுநாளே பச்சைப்பசேல் என்று விரிந்து நிற்கும். மரத்தடியில் மேசை போட்டிருக்கிறார்கள், கட்டுச்சோறு கொண்டுபோகிற குடும்பத்துக்கு இதுதான் தோது. தெம்பு உள்ளவர்கள் ஸ்பில்வே பாதை வழியாக இரண்டு ஏரிகளையும் சேர்த்தே சுற்றலாம். நாலு மைலுக்குக் குறையாது, தண்ணீர் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலை விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. இளவேனிலில் வெயில் காய வரும் அலிகேட்டர் முதலைகள் பாதை ஓரத்திலேயே படுத்திருக்கும். கோடை நடுப்பகலில் தண்ணீருக்குள் போய்விடுவதால் கண்ணும் மூக்கும் மட்டுமே தெரியும். 30 அடியாவது தள்ளி நில்லுங்கள். தீனி போடுவது சட்டப்படி குற்றம், அந்தச் சட்டம் இருக்க வேண்டியதுதான். மனிதரைத் தீனியோடு சேர்த்துப் பார்க்கப் பழகிய முதலை மனிதரைத் தேடி வரத் தொடங்கும், கடைசியில் அதன் உயிருக்குத்தான் ஆபத்து. போட்டோவுக்காகப் பிள்ளைகளைக் கரையோரம் நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. தயவுசெய்து வேண்டாம்.

ரெட் பக்கை பாதையின் குணமே வேறு. பிக் கிரீக் ஓடையைத் தாண்டிப் பிரேசோஸ் ஆற்றங்கரை வரை போகும் முழுக் காடு. ஏரிக்கரைகளில் சனிக்கிழமைக் கூட்டம் நெரியும்போதும் இங்கே ஆள் நடமாட்டம் குறைவு. இளவேனில் தொடக்கத்தில் ரெட் பக்கை புதர்கள் கொத்துக்கொத்தாகச் சிவப்பாய்ப் பூக்கும், நீள்குழல் வடிவப் பூவுக்கு ஹம்மிங்பேர்ட் என்னும் ரீங்காரச் சிட்டு வரும். முதலை பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளையோடு இங்கே போகாதீர்கள். அமைதியாக நடக்க நினைக்கும் பெரியவர்களுக்கு மூன்றில் இதுதான் முதல் இடம். ஆனால் மழை பெய்த வாரத்தில் இதை விட்டுவிடுங்கள். ஆற்று வண்டல் செருப்போடு காலைப் பிடித்துக்கொள்ளும். ஆறு பெருகினால் பூங்காவையே மூடுவதும் உண்டு. 2017-இல் ஹார்வி புயல் வெள்ளத்தில் அப்படித்தான் மூடினார்கள். கிளம்புமுன் பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துவிடுவது நல்லது.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு முட்டிவலி என்றால் இந்த மூன்றையும் விட்டுவிட்டு கிரீக்ஃபீல்ட் பாதைக்குக் கூட்டிப்போங்கள். அரை மைல்தான், தளம் போட்ட பாதை, சக்கர நாற்காலியும் போகும். பார்வையற்றவர்கள் தொட்டு அறியும்படி விலங்குகளின் உருவம் பதித்த பலகைகளும் வழியில் வைத்திருக்கிறார்கள். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை எந்தச் சுற்றும் சுகம். வார இறுதி என்றால் நுழைவுச் சீட்டை முன்கூட்டியே பதிவுசெய்துகொள்ளுங்கள்.