தோற்றே பழகிய காலேஜ் அணியை மீட்பது எப்படி? மூன்று கோச், மூன்று வழி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது உதைபந்து இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டிமோதும் அமெரிக்க ஃபுட்பால், அதிலும் காலேஜ் ஆட்டம்.

தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் தோற்றவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. கடைசி இடம் பிடித்த அணிதான் அடுத்த ஆண்டு புது ஆட்டக்காரர்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும். காலேஜில் அந்தக் கருணை கிடையாது. 17 வயதுப் பையனையும் அவன் அம்மாவையும் உட்கார வைத்துப் பேசி, எங்களிடம் வா என்று சம்மதிக்க வைக்க வேண்டும். போன வருடம் 11 ஆட்டம் தோற்ற அணிக்கு யார் வருவான்? நல்ல ஆள் வராததால் தோல்வி, தோற்பதால் நல்ல ஆள் வருவதில்லை. இந்தச் சுழலில் சில பல்கலைக்கழகங்கள் ஐம்பது வருடம்கூடச் சிக்கிக் கிடந்திருக்கின்றன.

அதிலிருந்து வெளியே வர முயன்ற மூன்று பேரை எடுத்துக்கொள்கிறேன்: கொலராடோவில் டியான் சாண்டர்ஸ், இண்டியானாவில் கர்ட் சிக்னெட்டி, கேன்சஸ் ஸ்டேட்டில் பில் ஸ்னைடர். முதல் இருவரும் இந்தக் காலத்தவர்கள். மூன்றாமவர் 1989-ல் வேலையைத் தொடங்கியவர். அவரை எதற்கு இழுக்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

விதிகளைப் பற்றி இரண்டு வரி. முன்பெல்லாம் ஒரு காலேஜிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் ஒரு வருடம் ஆடாமல் சும்மா உட்கார வேண்டும். 2021-ல் ஒரு முறை மட்டும் மாறி உடனே ஆடலாம் என்றார்கள், 2024-ல் எத்தனை முறை வேண்டுமானாலும் என்றார்கள். மாற விரும்புபவர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல்தான் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல். 2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் விளம்பரப் பணமும் வாங்கலாம். ஆண்டுக்கு 25 புதியவர்கள்தான் என்றிருந்த வரம்பையும் 2022-ல் தளர்த்தினார்கள். ஆக, ஒரே கோடையில் மொத்த அணியையும் மாற்ற வழி பிறந்தது.

அந்த வழியில் முதலில் புகுந்து புறப்பட்டவர் சாண்டர்ஸ். 2022-ல் கொலராடோ 1-11, அதாவது ஒரே ஒரு வெற்றி. டிசம்பரில் பொறுப்பேற்ற மனிதர், முதல் கூட்டத்திலேயே இருக்கிற பையன்களைப் பார்த்து, போர்ட்டலில் பெயர் கொடுத்துக் கிளம்புங்கள், என் சரக்கை நானே கொண்டுவருகிறேன் என்கிற ரீதியில் பேசினார். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே. 2023 சீசன் தொடங்கும்போது பழைய ஆட்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே மிச்சம். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் போர்ட்டல் வழியாக வந்தவர்கள். அவர்களில் இருவர் பெரிய சரக்கு: ஆட்டத்தை நடத்திப் பந்தை வீசும் குவார்ட்டர்பேக்காக மகன் ஷெடூர் சாண்டர்ஸ், அப்புறம் பந்தைப் பிடிக்கவும் எதிராளி பிடிப்பதைத் தடுக்கவும் ஒரே ஆட்டத்தில் இறங்கும் டிராவிஸ் ஹண்டர். இருவரும் சாண்டர்ஸ் முன்பு கோச்சாக இருந்த ஜாக்சன் ஸ்டேட்டிலிருந்து கூடவே வந்தவர்கள்.

முதல் ஆட்டத்திலேயே, அதற்கு முந்தைய சீசனில் தேசிய இறுதிவரை போன டிசியூ என்ற டெக்சஸ் காலேஜை 45-42 என்று சாய்த்தார்கள். நாடே கொலராடோவைப் பற்றித்தான் பேசியது, சீசன் டிக்கெட்டுகள் விற்றுத் தீர்ந்தன. முதல் மூன்று ஆட்டமும் வெற்றி. ஆனால் சீசன் முடிந்தபோது கணக்கு 4-8. காரணம் தேட ரொம்பத் தூரம் போக வேண்டாம். குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் சுவராக நிற்க வேண்டிய ஐந்து தடியர்களின் லைன் ஓட்டையாக இருந்தது. அந்த ஆண்டு கொலராடோ குவார்ட்டர்பேக்குகள் தரையில் சாய்க்கப்பட்டது ஐம்பது தடவைக்கும் மேல். காரும் ஏசியும் வாங்கிவிட்டுக் கூரையை மறந்த வீடு மாதிரி.

2024-ல் 9-4. ஹண்டர் ஹைஸ்மன் கோப்பையையே வென்றார். காலேஜ் ஃபுட்பாலில் தனி ஆட்டக்காரருக்கு அதற்கு மேல் விருது கிடையாது. சாண்டர்ஸுக்கு 5 ஆண்டுக்கு 5.4 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. பிறகு ஹண்டரும் ஷெடூரும் என்எஃப்எல்லுக்குப் போனார்கள். 2025-ல் கொலராடோ 3-9.

இதை வைத்து, போர்ட்டலால் அணி கட்டவே முடியாது, பள்ளிப் பையன்களைச் சேர்த்து நாலு வருடம் வளர்ப்பதுதான் தர்மம் என்று பேசுபவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் இண்டியானா.

இண்டியானா பேஸ்கட்பால் ஊர். அங்கே ஃபுட்பால் சீசன் என்பது பேஸ்கட்பால் தொடங்கும்வரை பொழுதைத் தள்ளுவதற்கு. காலேஜ் ஃபுட்பாலின் மேல்மட்டப் பிரிவில் எல்லாக் காலத்துக்கும் சேர்த்து அதிகம் தோற்ற அணியாக அப்போது இருந்தது அதுதான், 700 தோல்விகளுக்கு மேல். கொலராடோவுக்காவது 1990-ன் தேசியப் பட்டம் என்று பழம்பெருமை இருந்தது. இண்டியானா அதுவரை ஒரு சீசனில் 10 ஆட்டம் வென்றதே கிடையாது. 2023-ல் 3-9. அந்த நவம்பர் கடைசியில் 62 வயது சிக்னெட்டியைக் கூட்டிவந்தார்கள்.

இவரும் போர்ட்டலுக்குத்தான் போனார். சாண்டர்ஸைப் போலவே பழைய காலேஜிலிருந்து, அதாவது ஜேம்ஸ் மேடிசனிலிருந்து, பதிமூன்று பேரைக் கூட்டிவந்தார். ஆயுதம் ஒன்றுதான், குறிதான் வேறு. ஒருவனுக்குப் பள்ளியில் எத்தனை நட்சத்திர மதிப்பெண் இருந்தது, எவ்வளவு உயரம் தாண்டுவான் என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காலேஜ் மைதானத்தில் ஏற்கெனவே என்ன ஆடிக் காட்டியிருக்கிறான், அதுதான் கணக்கு. சின்ன காலேஜாக இருந்தாலும் பரவாயில்லை, மூன்று வருடம் ஆடியவன் வேண்டும். நம் ஊரில் ஐபிஎல் ஏலம் பார்த்தவர்களுக்கு இது புரியும். கோடி கொடுத்து வாங்கும் அணி ஒரு பக்கம், ரஞ்சி ஸ்கோர்போர்டைப் புரட்டிப் பார்த்து வாங்கும் அணி இன்னொரு பக்கம்.

ஆட்களைவிட முக்கியமான ஒன்றையும் சிக்னெட்டி கொண்டுவந்தார் என்பேன். தாக்குதலுக்கும் தடுப்புக்குமான தலைமை உதவிக் கோச்சுகள் மைக் ஷானஹன், பிரையண்ட் ஹெய்ன்ஸ் இருவரும் கூடவே வந்தார்கள். அந்தப் பதிமூன்று பேருக்கும் பாடத்திட்டம் அத்துப்படி. மற்றவர்களுக்கு அவர்களே பாதி வாத்தியார். கொலராடோவில் எல்லோருமே புதுசு, யாரைப் பார்த்து யார் கற்பது?

விளைவு: 2024-ல் 11-2. அடுத்து கலிஃபோர்னியாவிலிருந்து ஃபெர்னாண்டோ மெண்டோசா என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார். பள்ளியில் பெரிய காலேஜ்கள் அவ்வளவாகக் கண்டுகொள்ளாமல், முதலில் யேலுக்குப் போவதாக இருந்த பையன். 2025-ல் அவனுக்கு ஹைஸ்மன், இண்டியானா வரலாற்றிலேயே முதல் முறை. ஒஹாயோ ஸ்டேட்டை 13-10 என்று வென்று, தான் ஆடும் பிக் டென் லீகின் பட்டம், அலபாமாவுக்கு எதிராக 38-3 வெற்றி, கடைசியில் மயாமியை அதன் சொந்த ஸ்டேடியத்திலேயே 27-21 என்று வீழ்த்தி தேசியப் பட்டம். 16-0. எழுதும்போதே எனக்குக் கொஞ்சம் தலை சுற்றுகிறது.

இரண்டே வருடத்தில் நடந்த அதிசயம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிக்னெட்டி 2007 முதல் 2010 வரை அலபாமாவில் பேர்பெற்ற கோச் நிக் சேபனிடம் ஆள் சேர்ப்புக்குப் பொறுப்பாக இருந்தவர். அந்த வேலையை உதறி, சம்பளமும் குறைய, பென்சில்வேனியாவில் இரண்டாம் பிரிவுக் காலேஜ் ஒன்றுக்குத் தலைமைக் கோச்சாகப் போனார். பிறகு ஈலான், பிறகு ஜேம்ஸ் மேடிசன். யாரும் எட்டிப் பார்க்காத மைதானங்களில் பதிமூன்று வருடம், யாருக்கும் வேண்டாத பையன்களில் யார் ஆடுவான் என்று பொறுக்கிப் பொறுக்கிப் பழகிய கண் அது. இண்டியானா அந்தக் கண்ணைத்தான் வாடகைக்கு எடுத்தது.

இங்கேதான் ஸ்னைடர் வருகிறார். 1988 கடைசியில் அவரை நியமித்தபோது கேன்சஸ் ஸ்டேட் 27 ஆட்டங்களாக வெற்றியே பார்க்காமல் இருந்தது. ஊர் பெயர் மன்ஹாட்டன், ஆனால் சுற்றிலும் புல்வெளி. மற்ற மாநிலத்துப் பையன்கள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். முதல் சீசன் 1-10. அந்த ஒரு வெற்றியும் நார்த் டெக்சஸுக்கு எதிராகக் கடைசிப் பந்தில் வந்தது. அடுத்த ஆண்டு 5-6, அதற்கடுத்து 7-4. 1993-லிருந்து தொடர்ந்து பதினோரு ஆண்டுகள், சீசன் கடைசியில் நன்றாக ஆடிய அணிகளை மட்டும் அழைக்கும் பவுல் ஆட்டம். அதற்கு முன் அந்தக் காலேஜ் மொத்த வரலாற்றிலும் பார்த்தது ஒரே ஒரு பவுல்.

போர்ட்டல் இல்லாத காலத்தில் ஆட்களை எங்கே பிடித்தார்? இரண்டு வருட ஜூனியர் காலேஜ்களில். மதிப்பெண் பற்றாமலோ உடம்பு தேறாமலோ பெரிய இடம் கிடைக்காத பையன்கள் அங்கேதான் ஆடிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து வந்தால் உட்கார வேண்டாம், உடனே ஆடலாம். 1998-ல் அணியை நாட்டின் முதலிடம் வரை கொண்டுபோன குவார்ட்டர்பேக் மைக்கேல் பிஷப், டெக்சஸின் ப்ளின் காலேஜிலிருந்து வந்தவர்தான். சிக்னெட்டி செய்ததன் முன்னோடி இதுவே: ஏற்கெனவே ஆடியவன், பிறர் கவனிக்காதவன். அதோடு ஸ்னைடர் பள்ளிப் பையன்களையும் பொறுமையாக வளர்த்தார், ஆரம்பத்தில் எளிய அணிகளோடு ஆட்டம் போட்டுப் பையன்களுக்கு ஜெயிக்கும் பழக்கத்தை ஏற்படுத்தினார். அந்த எளிய அட்டவணையைக் கிண்டல் செய்தவர்கள் நிறைய. செய்யட்டும். 1998-ல் நெப்ராஸ்காவை முப்பது வருடத்துக்குப் பிறகு முதல் முறை வென்றபோது அந்தச் சத்தம் அடங்கிவிட்டது.

எனக்கு மூவரில் யார் என்று கேட்டால், பணமும் ஆதரவும் இருக்கும் இடத்துக்கு சிக்னெட்டி, இரண்டும் இல்லாத இடத்துக்கு ஸ்னைடர். சாண்டர்ஸைத் தள்ளிவிடவும் மனமில்லை. காலியாகக் கிடந்த ஸ்டேடியத்தை நிரப்புவதும் ஒரு வேலைதானே, அதை அவரைப் போல அவ்வளவு சீக்கிரம் செய்தவர் இல்லை. ஆனால் இரண்டு பேர் போனதும் சரியும் அணியை மீட்கப்பட்ட அணி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஸ்னைடர் வழியிலும் ஓட்டை உண்டு. 2005-ல் அவர் ஓய்வு பெற்றதும் அணி மூன்று சீசனில் 17-20 என்று இறங்கியது. வேறு வழியில்லாமல் 69 வயதில் திரும்பி வந்து, தன் குடும்பப் பெயர் சூட்டப்பட்ட ஸ்டேடியத்திலேயே மறுபடி வேலை பார்த்தார். 2012-ல், அணி ஆடும் பிக் 12 லீகில் இன்னொரு பட்டம். 2018-ல்தான் நிரந்தரமாக விடைபெற்றார். சிக்னெட்டிக்கு அந்தச் சோதனை இன்னும் வரவில்லை. மெண்டோசா போன்ற மூத்த ஆட்கள் கிளம்பிய பிறகு அடுத்த பட்டாளத்தை அதே கண் பொறுக்கித் தருமா என்று பார்க்க வேண்டும். சாண்டர்ஸின் ஒப்பந்தமோ 2029 வரை ஓடுகிறது. இந்த முறை அவர் எந்த நட்சத்திரத்தைப் பிடிக்கிறார் என்பதில் எனக்கு ஆர்வமில்லை. லைனுக்கு அந்த ஐந்து தடியர்களை எங்கிருந்து கொண்டுவருகிறார் என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.