நீச்சல் தெரியும் ஆனா வேகம் வரலையா, தி ரேஸ் கிளப் வீடியோ பாருங்க

வளந்த பிறகு ஃப்ரீஸ்டைல் கத்துக்கிட்டு, ரெண்டு லேப் போனதும் மூச்சு வாங்கி சுவத்தப் பிடிச்சு நிக்கிறவங்களுக்குத்தான் இந்த ரிவ்யூ. யூடியூப்ல தி ரேஸ் கிளப்னு ஒரு சேனல் இருக்கு. அமெரிக்காவுல ஃப்ளோரிடா பக்கம் இஸ்லமொராடாங்கற தீவு ஊர்ல நீச்சல் கேம்ப் நடத்தினவங்களோடது, அப்பா கேரி ஹால் சீனியரும் மகன் கேரி ஹால் ஜூனியரும் சேந்து 2003ல ஆரம்பிச்சாங்க.

அப்பா 1968, 1972, 1976னு மூணு ஒலிம்பிக்லயும் நீந்தி மூணுலயும் மெடல் வாங்கினவர், கடைசியா 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் தொடக்க விழால அமெரிக்கக் கொடிய ஏந்திட்டுப் போனதும் அவர்தான். அதுக்கப்புறம் கண் டாக்டராகி ஆபரேஷன் எல்லாம் பண்ணிட்டு மறுபடி தண்ணிக்கே கோச்சா வந்துட்டார். அந்த டாக்டர் மூளைதான் இந்த வீடியோக்களோட பெரிய பலம்னு நான் சொல்வேன், ஏன்னா எதையும் சும்மா இப்படிப் பண்ணுன்னு விடமாட்டார், ஏன்னு காரணத்தோட சொல்வார்.

உதாரணத்துக்கு, தண்ணிய இழுக்கும்போது முழங்கைய மேலயே வைன்னு எல்லா கோச்சும்தான் சொல்றாங்க, அதிக பலம் கிடைக்கும்னுதான் நாமளும் நினைக்கிறோம். இவர் சொல்றது வேற. மேல்கை நேரா கீழ தொங்கினா அது எதிர்ல வர்ற தண்ணிய மறிக்குது, முழங்கை உயரமா இருந்தா அந்த மறிப்பு குறையுது, அதான் முக்கிய லாபம்ங்கறார். வேகம் ரெண்டு மடங்கானா தண்ணியோட எதிர்ப்பு கிட்டத்தட்ட நாலு மடங்காகும், அதனால பலத்த ஏத்துறதுக்கு முன்னாடி தடைய குறைன்னு திரும்பத் திரும்ப சொல்றார். இது புரிஞ்ச பிறகு தலைய தூக்கி முன்னாடி பாக்கற பழக்கமும் தானா போயிடும், அதுவும் தடைதானே.

அடுத்து ஃப்ரீஸ்டைல்ல இடுப்பு வச்சு நீந்துறது, தோள் வச்சு நீந்துறது, ரெண்டும் கலந்ததுன்னு மூணா பிரிச்சு சொல்றது. கால் உதை நல்லா இருக்கிறவங்க கைய முன்னாடி நீட்டி நிதானமா போகலாம், அது இடுப்பு ஸ்டைல். உதை வீக்கா இருந்தா கை வேகமா சுத்தணும், அது தோள் ஸ்டைல். எல்லாருக்கும் ஒரே ஸ்டைல்னு திணிக்காதது எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

மகன் கதையும் சொல்லியே ஆகணும். 1999ல டைப் 1 சர்க்கரை நோய்னு தெரிஞ்சும் அடுத்த வருஷமே சிட்னில 50 மீட்டர் தங்கம், சக அமெரிக்கர் ஆன்டனி எர்வினும் இவரும் ஒரே 21.98 செகண்ட்ல முடிச்சதால ரெண்டு பேருக்குமே தங்கம், அப்புறம் 29 வயசுல ஏதென்ஸ்ல மறுபடி தங்கம், மொத்தம் 10 ஒலிம்பிக் மெடல். அம்மா வழித் தாத்தா நீச்சல்ல காலேஜ் லெவல் தேசிய சாம்பியன், தாய்மாமா 1976ல அப்பாவோட அதே ஒலிம்பிக்ல நீந்தினவர். 2025 ஜனவரி லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீல வீட்டோட அந்த மெடல் எல்லாம் போச்சுன்னு படிச்சப்போ மனசே ஆறல, நல்லவேளை ஒலிம்பிக் கமிட்டி 10க்கும் பதில் மெடல் செஞ்சு கொடுத்தாங்க.

தண்ணிய பாத்தாலே பயம்ங்கறவங்களுக்கு இது வேணாம், முதல்ல நேர்ல ஒரு கோச்கிட்ட போங்க. ஓரளவு நீந்துறவங்க தடை பத்தின வீடியோல ஆரம்பிங்க, அப்புறம் முழங்கை, அப்புறம் உதை. காசு கட்டி பாக்கற பாடங்களும் இருக்கு, ஆனா யூடியூப்ல ஃப்ரீயா இருக்கறதயே ஒவ்வொண்ணா பூல்ல பழகுங்க.