பத்தமடைல மகளுக்கு கல்யாணப் பாய் எடுத்த கதை

மக கல்யாணத்துக்கு பொண்ணு மாப்பிள்ளை பேரு போட்டு நெய்த கோரைப் பாய் வேணும்னு அலைஞ்சவ நான், இனிமே வாங்கப் போறவங்களுக்கு உதவட்டும்னு எழுதுதேன். நடுவுல சொந்தக் கதையும் வரும், பொறுத்துக்கோங்க.

மொதல்ல மக ஆன்லைன்லதான் ஒண்ணு போட்டா. ஒரிஜினல் பத்தமடைன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தான், பிரிச்சா புது பக்கெட் வாசம் அடிக்கி, முழு பிளாஸ்டிக்கு, அத ரிட்டர்ன் எடுக்க பதினஞ்சு நாள் இழுத்தடிச்சானுவ. நாங்க இருக்கது திருநெல்வேலிப் பக்கம் அம்பாசமுத்திரம். பஸ் ஏறுனா வீரவநல்லூர், சேர்மாதேவி, அடுத்தது பத்தமடை. இம்புட்டு பக்கத்துல வச்சுக்கிட்டு போன்ல தேடுனோம் பாருங்க.

நாங்க போன கடைக்கு போர்டே கிடையாது, தெருவுக்குள்ள போயி விசாரிச்சுத்தான் கண்டுபிடிக்கணும். வீட்டுத் திண்ணைதான் கடை, உள்ள தரையோட தரையா ரெண்டு தறி கிடக்கு. பாய விரிக்கதுக்கு முன்னாடியே, 1953ல எலிசபெத் ராணி முடிசூட்டுக்கு இங்கருந்துதான் பாய் போச்சுன்னு ஆரம்பிச்சுட்டாரு கடைக்காரரு. அந்த ஊர்ல இத சொல்லாம யாரும் பாய் விக்க மாட்டாவ போல.

சாதாப் பாய்க்கும் பட்டுப்பாய்க்கும் என்ன வித்தியாசம்னு கேட்டேன், வாயால சொல்லாம உள்ள கூட்டிட்டுப் போயி காட்டுனாவ. சாதாவுக்கு கோரை தடிமனா அப்படியே போவும். பட்டுப்பாய்க்கு ஒரு கோரைய கத்தியால கீறிக் கீறி நூல் மாதிரி ஆக்கி, ஓடுத தண்ணில நாள்கணக்குல ஊறப்போட்டு, காயவச்சு, சாயம் முக்கி, பெறவு ஒவ்வொண்ணா நீளக் குச்சில மாட்டி, தறில நீளவாக்குல கட்டுன பாவு நூலுக்குள்ள விட்டு இழுக்கணும். கவுண்ட்னா நெசவு எவ்வளவு நெருக்கம்னு சொல்லுத கணக்கு, அது கூடக்கூட விலையும் ஏறும், 100, 120ன்னு சொல்லுதாவ, 140 கூட உண்டாம். அந்த ஒசத்திப் பாய மடிச்சா சேலை மாதிரி கைக்குள்ள அடங்குது. நமக்கு அவ்வளவுக்கு வசதி பத்தாது, நடுத்தரத்துல 3,800க்கு சொன்னோம், பச்சையும் அரக்கும், நடுவுல பொண்ணு மாப்பிள்ளை பேரும் கல்யாணத் தேதியும்.

பேரு எழுதிக் குடுக்கும்போதுதான் எனக்கு தொண்டை அடைச்சுக்கிட்டு. 1994ல எங்க கல்யாணத்துக்கு எங்கப்பா சொல்லி வச்ச பாயும் இதே ஊர்ல நெய்ததுதான். அதுல என் வீட்டுக்காரரு பேரு கடைசில 'ன்' வரணும், நெய்தவங்க புள்ளிய விட்டுட்டாவ. அத வச்சே அவுக வாழ்க்கைய ஓட்டிட்டாவ. சம்பளம் பத்தலைன்னு நான் மூஞ்சிய தூக்குனா, "பாய்லயே எனக்கு புள்ளி வைக்கல, நான் எங்கிட்டு பெரிய புள்ளி ஆவ"ன்னு சொல்லிட்டு துண்ட ஒதறிப் போட்டு அந்தப் பாய்லயே படுத்துருவாவ. கட்டில் வாங்குன பெறவும் கோடைல தரையும் பாயும்தான்.

கடைசி ஒரு மாசம் படுக்கைல கிடந்தப்போ தண்ணி மெத்தை வாடகைக்கு எடுத்தோம். ஒரு நா ராத்திரி கைய காட்டி அந்தப் பாய விரின்னாவ. விரிச்சு, நானும் மகனுமா எறக்கிப் படுக்க வச்சோம். கோரையோட குளிர்ச்சி முதுகுல பட்டதும் கண்ண மூடிக்கிட்டு "ஆ..."ன்னு ஒரு சத்தம், நல்ல வெயில்ல வந்து மோர் குடிச்ச மாதிரி. அவுக போனதுக்கப்புறம் நான் பாயச் சுருட்டி பரண்ல போட்டவதான், வீட்டுல வெளக்கு ஏத்துறதும் நின்னு போச்சு. ஆடி அமாவாசைக்கு மகன் பாபநாசத்துல தர்ப்பணம் குடுத்தான், நான் படித்துறை வரைக்கும் போயிட்டு கோயிலுக்குள்ள போகாம திரும்பிட்டேன். சாமிகிட்ட அப்படி ஒரு கோவம்.

தறில இருந்த பெரியம்மாவுக்கு எழுபது வயசு இருக்கும். நான் கண்ணத் தொடச்சதப் பாத்துட்டு என்னன்னு கேட்டாவ, எல்லாத்தையும் கொட்டிட்டேன், அதுக்கும் கை நிக்கல அவுகளுக்கு. "எனக்கும் அவரு போயி இருபது வருசமாச்சு பிள்ள. அல்லா எடுத்துக்கிட்டத மட்டும் எண்ணிட்டு இருந்தேன், தறி ஓடல. முப்பது வருசம் சிரிக்க வச்சாருல்லா உன் வீட்டுக்காரரு, அதுக்கு யாருக்கு நன்றி சொன்ன நீ?"ன்னாவ. எனக்கு பதில் வரல. வர்ற வழில பஸ் ஜன்னல்ல கன்னடியன் கால்வாய்த் தண்ணி ஓடிட்டு இருக்கு, எல்லாம் தாமிரபரணி தண்ணிதான், அவுக அஸ்திய கரைச்ச ஆறு. அன்னைக்கு சாயங்காலம் வெளக்கு ஏத்துனேன். கோவம் முழுசா போச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன், கை மட்டும் தானா தீப்பெட்டிய எடுத்துச்சு.

சரி, கடைய பத்தி குறையும் சொல்லணும்லா. மூணு வாரம் லேட்டு. ஐப்பசி மழைல சாயம் போட்ட கோரை காயலைன்னாரு, நியாயந்தான், ஆனா நான் போன் போட்டு போட்டு கேட்டதாலதான் சொன்னாரு, அவரா ஒரு வார்த்தை கூப்பிட்டு சொல்லிருக்கலாம். பச்சை நான் காட்டுன சாம்பிளவிட ஒரு கண்ணு அடர்த்தி. பேக்கிங்னு ஒண்ணும் கிடையாது, பேப்பர சுத்தி சணல்ல கட்டிக் குடுக்காரு, வெளியூருக்கு கொண்டு போறவங்க பழைய சேலை ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் போகாதீங்க, தொழுகை முடிஞ்சு வர்ற வரைக்கும் காத்துக் கிடக்கணும். ஆனா வேலை சுத்தம், ஈரத்துணி வச்சு தேச்சுப் பாத்தேன், சாயம் ஒட்டல, எழுத்தும் தப்பில்ல. மாப்பிள்ளை பேருக்கு புள்ளி கரெக்டா இருக்கான்னு நான் மூணு தடவ பாத்தேன்.

புதுசு வாங்கப் போறப்போ பழைய பாயையும் கூட கொண்டு போயிருந்தேன், ஓரம் பிஞ்சு தொங்குச்சு. அந்தப் பெரியம்மா விரிச்சுப் பாத்து விரலால பேரத் தடவுனாவ. "இந்தப் புள்ளிய வேணா நூல் போட்டு வச்சுத் தரவா பிள்ள?"ன்னு கேட்டாவ. வேண்டாம் பெரியம்மா, அது அப்படியே கிடக்கட்டும்னேன். சிரிச்சுக்கிட்டே ஓரத்த மட்டும் கட்டிக் குடுத்தாவ. அதுக்கு 150 ரூவா.